பூட் ஆகாத கணிப்பொறியும் எட்டு லீவர் பூட்டும்

மனித குலத்துக்குக் கணிப்பொறியால் விளைந்த நன்மைகளை எழுத உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். இது பெரும் பிழை. அவர்கள் முதலில் திண்டுக்கல்லில் இறங்கியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த 'நீரேற்று முன்னுரிமைப் பதிவக'த்தைப் பார்த்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு அங்கே ஒரு கணிப்பொறி எட்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தது. நன்றாக ஓடிய கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து நாட்டுக்குச் செய்த சேவையைவிட, படுத்துக் கிடந்த இந்த ஒன்று செய்த சேவை பெரிது.

பதிவகத்தின் வேலை எளிமையானது. கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வேண்டி மனுக் கொடுத்த விவசாயிகளை, மனுக் கொடுத்த தேதிப்படி வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது. மேலிடத்திலிருந்து 'இத்தனை பேருக்குக் கொடுக்கலாம்' என்று உத்தரவு வந்தால், வரிசையில் முன்னால் நிற்கும் அத்தனை பேரின் பெயரை அனுப்பி வைப்பது. பல வருஷமாக உத்தரவு வரவில்லை. ஆகவே பதிவகம் ஒரு தவறும் செய்யாமல் நல்ல பெயரோடு இருந்தது.

அங்கே தட்டச்சராக இருந்தவள் நாகஜோதி. சின்னாளபட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். வயது இருபத்தேழு. மதுரையில் மூன்று வாரம் பயிற்சி பெற்று வந்ததால், கணிப்பொறி வந்து இறங்கியபோது அதுவும் அவள் தலையில்தான் இறங்கியது. நான்கு மாதம் உட்கார்ந்து, செல்லரித்த பதிவேடுகளைப் புரட்டி, ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று விவசாயிகளின் பெயர், ஊர், மனுத் தேதி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக அதற்குள் ஏற்றினாள். வேலை முடிந்த அன்று பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, 'இன்று முதல் இது காகிதமில்லா அலுவலகம்' என்று அறிவித்தார் தனி அலுவலர் திரு. அழகுராஜா. அறிவிப்புக்கு மரியாதை செய்யும் விதமாகப் பழைய பதிவேடுகள் அத்தனையும் அன்று மாலையே எடைக்குப் போடப்பட்டன. ஒரு வாரம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டு வேர்க்கடலைப் பொட்டலங்களில் விவசாயிகளின் பெயர்களைப் பார்க்க முடிந்தது.

திரு. அழகுராஜாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்வது நன்றிகெட்டதனம். அவர் தமிழ்ப் பற்றாளர். எந்தக் குறிப்பு மேசைக்கு வந்தாலும் பொருளைப் பார்க்க மாட்டார், ஒற்றெழுத்தைப் பார்ப்பார். சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருக்கும். நவீனத்தின் மீதும் அவருக்குத் தீராத பிரியம். கணிப்பொறிக்குக் குளிர் வேண்டும் என்று ஏ.சி. வந்ததும், அது தனியாக இருந்தால் பயப்படுமே என்று தம் நாற்காலியையும் அந்த அறைக்கே மாற்றிக்கொண்டார். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை இருவரும் கண்மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சென்னையிலிருந்து அந்த உத்தரவு வந்தேவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நாற்பது இணைப்புகள் கொடுக்கப்படும், முதல் நாற்பது பெயரை அனுப்புக.

திரு. அழகுராஜா உத்தரவை இரண்டு முறை படித்தார். ஒற்றுப் பிழை எதுவும் இல்லை. பிறகு கனிவான குரலில் கேட்டார்:

"நாகஜோதி, தொப்பம்பட்டி நல்லுசாமின்னு ஒரு மனுதாரர். உள்ள இருக்காரா பாரும்மா."

நல்லுசாமி யார் என்று அவளுக்குத் தெரியும். அலுவலரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். தென்னந்தோப்புக்காரர். மாதம் ஒருமுறை பழனிப் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து, "மச்சான் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போவார். அவள் விசைகளைத் தட்டிப் பார்த்தாள்.

"இருக்காரு சார். போன மாசம்தான் மனுக் குடுத்திருக்காரு. ஆயிரத்து நூத்தி இருபத்தேழாவது நம்பர்."

"அதை மூணாவதாப் போட்டுரு."

"போட முடியாது சார். மனுத் தேதியை வச்சு அதுவா வரிசை கட்டுது. நாம சொன்னாக் கேக்காது."

திரு. அழகுராஜா கணிப்பொறியைச் சிறிது நேரம் பார்த்தார். தாம் உள்ளே வந்தும் எழுந்து நிற்காத கடைநிலை ஊழியரைப் பார்க்கும் பார்வை அது.

"சரி, நீ வரிசைய எடு" என்றார்.

நாகஜோதி முதல் நாற்பது பெயரைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கினாள். கணிப்பொறி உறுமிக்கொண்டு வேலை செய்தது. மணி ஐந்து. மாலை ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது மின்சாரச் சிக்கனம் கருதி அலுவலரே போட்ட ஆணை. வழக்கமாக ஐந்தே முக்காலுக்குக் காவலாளிதான் அணைப்பான். அன்று அலுவலர் தாமே எழுந்து சுவிட்ச் பக்கம் போனார்.

"சார், செத்த நேரம் சார்! ஓடிக்கிட்டு இருக்கு!"

"அரசாங்கக் கரண்டும்மா" என்றபடி அவர் இழுத்துவிட்டார். திரையில் இருந்த எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன.

திங்கட்கிழமை காலை நாகஜோதி கணிப்பொறியைப் போட்டபோது அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. அலுவலகமே கூடிவிட்டது. பதிவறை எழுத்தர் கருப்பணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் ஊழியர் சங்கக் கிளைச் செயலாளரும்கூட. 'கம்ப்யூட்டர் ஒழிக' என்று வாசலில் நின்று கோஷம் போட்டவர்.

"நான் சிஸ்டம் டிஸ்க்..."

"பாத்தீங்களா" என்றார் திரு. அழகுராஜா. "'நான்'னு சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கிடுது. மரியாதை தெரிஞ்ச மெஷின்."

"சார், அது 'நான்' இல்ல சார். 'இல்லை'ன்னு அர்த்தம். தன்னை எழுப்பி விடுற டிஸ்க்கைக் காணோம்னு சொல்லுது. வேற ஒண்ணு போட்டுட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்குது."

கருப்பணன் இரண்டாவது வரிக்குப் போயிருந்தார். "ரீப்ளேஸ் அண்ட்... ஸ்ட்ரைக்!" அவர் முகம் மலர்ந்தது. "ஏ அப்பு! ஸ்ட்ரைக்குன்னுல்ல போட்டிருக்கு! நாங்க இம்புட்டு நாளா இதைப் போயி மொதலாளி பக்கம்னு நெனச்சிட்டமே. நம்ம ஆளுப்பா இது!"

"அண்ணே, ஸ்ட்ரைக்னா தட்டுறதுண்ணே."

"நீ சின்னப்புள்ள, ஒனக்குத் தெரியாது. வேலையும் செய்யாம, ஸ்ட்ரைக்குன்னும் எழுதிப் போட்டிருக்கு. இதுக்கு மேல ஒரு தோழரு என்னத்தச் சொல்லணும்?"

அன்று மதியமே கருப்பணன் ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து கணிப்பொறியின் தலைமேல் வைத்தார்.

பழுதென்றால் எழுத்துமூலம் குறிப்பு வைக்க வேண்டும் என்றார் அலுவலர். நாகஜோதி வைத்தாள். பயிற்சியில் கற்ற சொல்லையே எழுதினாள்: 'பதிவகக் கணிப்பொறி பூட் ஆகவில்லை. ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

குறிப்பு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. 'பூட்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில்: 'சொல் முற்றுப் பெறவில்லை. பூட்டு என்று எழுதுக. திண்டுக்கல்லில் பணிபுரிந்துகொண்டு இச்சொல்லைப் பிழையாக எழுதுவது வருந்தத்தக்கது.' அதன் கீழே ஆணை: 'கணிப்பொறிக்குப் பூட்டு இல்லை என்பது கவனத்துக்கு வந்தது. உடன் பூட்டு வாங்கப் பரிந்துரைக்கக் குழு அமைக்கப்படுகிறது.'

அவள் குறிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சார், பூட்டு இல்ல சார், பூட்! பூட் ஆகலைன்னா எந்திரிக்கலைன்னு அர்த்தம்!"

"எந்திரிக்காததுக்குப் பூட்டுப் போட்டாப் பத்திரம்தானம்மா? எந்திரிச்சு ஓடுறதுக்குத்தான் பூட்டு போடணும்னு சட்டம் இருக்கா?"

வாதத்தில் இருந்த முழுமையை மெச்சியபடி அவள் குறிப்பை மடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை 'கணிப்பொறிப் பூட்டு மற்றும் மீட்புக் குழு' கூடியது. உளுந்தவடை நன்றாக இருந்ததாகக் குறிப்பேட்டில் முதல் தீர்மானம் பதிவானது. மாங்காய்ப் பூட்டா, சதுரப் பூட்டா என்பதில் உறுப்பினர்களிடையே ஆழ்ந்த கருத்து வேறுபாடு. நாகஜோதி நடுவில் எழுந்து, மதுரைப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். 'வெளியூர் அழைப்புக்குத் தனிக் குழு தேவை' என்று இரண்டாவது தீர்மானம் பதிவானது. மூன்றாவது தீர்மானப்படி, எட்டு லீவர் உள்ள பெரிய பூட்டு ஒன்று வாங்கி, வியாழக்கிழமை நல்ல நேரத்தில் கணிப்பொறி அறைக் கதவில் தொங்கவிடப்பட்டது. கள்ளச் சாவி போட்டால் சாவியையே கவ்விக்கொள்ளும் ரகம். ஒரு சாவி அலுவலரின் இடுப்பில். இன்னொரு சாவி விதிப்படி இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுப் பதிவறையில். ஏ.சி. மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சாவியோடு பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போய் நான்கு மணிக்கு வெளியே வருவதை அலுவலர் கைவிடவில்லை. மீட்புப் பணியை நேரில் மேற்பார்வையிடுவதாகக் கேட்டவர்களிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமைதான் அவருடைய மேதைமை முழுமையாக வெளிப்பட்டது.

"கணிப்பொறி பழுது. பதிவேடு இல்லை. மாசக் கடைசி நெருங்குது" என்று அனைவரையும் கூட்டி அறிவித்தார். "விவசாயப் பெருமக்கள் பாதிக்கப்படக் கூடாது. அதனால பொதுநலன் கருதி, நாற்பது பேரையும் என் நினைவிலிருந்தே எழுதிட்டேன். நாகஜோதி, டைப் அடி."

கையால் எழுதிய தாள் அவள் மேசைக்கு வந்தது. தலைப்பு: 'நினைவுப் பட்டியல்.'

மனித நினைவாற்றலின் எல்லைகளை அறிய விரும்புகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பாடமாக வைக்கலாம். நல்லுசாமி முதலாவதாக நினைவுக்கு வந்திருந்தார். நல்லுசாமியின் சம்பந்தி மூன்றாவதாக. அலுவலரின் மனைவி வழிச் சித்தப்பாக்கள் நால்வரும் பிறந்த வரிசையிலேயே நினைவுக்கு வந்திருந்தார்கள். பழனியில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், கிணறே இல்லாதவர், அவரும் நினைவுக்கு வந்திருந்தார். ஒரு சாதாரண மனிதனால் தன் சொந்தக்காரர்களை இவ்வளவு துல்லியமாக, தாலுகா வாரியாக நினைவுகூர முடியாது.

நாகஜோதி தட்டச்சு செய்தாள். அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் அவள் விரல் வழியாக உள்ளே போனவர்கள். எந்தப் பெயர் எங்கே நிற்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. இந்தத் தாளில் விரல் ஒவ்வொரு வரியிலும் தடுக்கியது. பதினேழாவது வரியில் நின்றேவிட்டது. அங்கே இருக்க வேண்டியவள் ராமுத்தாய்.

செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் கனகாம்பரமும் சம்பங்கியும் போட்டிருந்தவள் ராமுத்தாய். ஐம்பது வயதைத் தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம் மனுக் கொடுத்து, பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, மேலே ஏறத்தான் வழியில்லை. வாடகை டீசல் எஞ்சின் வந்தால் பாய்ச்சல், வராவிட்டால் குடம். வெள்ளி தோறும் பூ மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டுப் பதிவகத்துக்கு வருவாள். "தாயி, ஒரு மொழம் வச்சுக்க. பூவுக்கெல்லாம் லஞ்சம்னு சொல்ல மாட்டாக" என்று நாகஜோதிக்கு நீட்டுவாள்.

அன்றும் வந்தாள். உத்தரவு வந்த செய்தி ஊருக்குள் பரவியிருந்தது. நேராக அலுவலரிடமே போனாள்.

"சாமி, நாப்பது பேருக்குக் குடுக்காகளாம். என் பேரு வந்திருச்சா?"

"பட்டியல்ல இல்லம்மா."

அவள் மடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மனுக் கொடுத்ததற்கான ரசீது. மடிப்புகளில் கிழிந்து, கண்ணாடித் தாள் போட்டு ஒட்டியிருந்தது. "இந்தா, தேதி போட்டிருக்கு பாருங்க. பதினோரு வருசம்."

திரு. அழகுராஜா ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நீ மனுக் கொடுத்தேங்குறதுக்கு அத்தாட்சி. நாங்க வாங்குனோம்ங்குறதுக்கு அத்தாட்சி கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அது பழுது."

"வாங்காமலா சாமி ரசீது குடுத்தீக?"

"அதைத்தான் கம்ப்யூட்டர்கிட்டக் கேக்கணும். அது எந்திரிக்கட்டும்."

"எப்ப எந்திரிக்கும்?"

"நாற்பது பேருக்கும் கொடுத்து முடிச்ச பிறகு பார்ப்போம்."

ராமுத்தாய் வெளியே வந்து நாகஜோதியின் மேசைக்கு முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. "தாயி, நீதான என் பேரை அதுக்குள்ள ஏத்துனேன்னு சொன்ன? அப்ப உள்ளதான இருக்கும்? எங்க போயிரும்?" என்றாள். "இந்தக் கோடைக்குச் செடி தாங்காது. நானும் தாங்க மாட்டேன், ஆமா." பூவைக் கொடுக்க மறந்துவிட்டுப் போனாள். வாசல் வரை போய் நினைவு வந்து, திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் முழுவதும் ராமுத்தாயின் கேள்வி நாகஜோதியையே சுற்றி வந்தது. 'அப்ப உள்ளதான இருக்கும்?' இந்த ஒரு கேள்வியை எந்தக் குழுவும் கேட்டிருக்கவில்லை. அவளே கேட்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால் செத்துவிட்டது என்றா அர்த்தம்?

நான்கு மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பாலிடெக்னிக்குக்குப் பஸ் ஏறினாள். அங்கே கணிப்பொறி ஆய்வகத்தில் பயிற்றுநராக இருந்தவர் ராயப்பராஜ். மதுரைப் பயிற்சியில் அவர்களுக்கு இரண்டு நாள் பாடம் எடுத்தவர். ஒல்லியான மனிதர், பேசும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிஸ்டர், போட்டா 'டக்டக்'னு அடிச்சுக்கிடுதா, இல்ல சாதாரணமாச் சுத்துதா?"

"சாதாரணமாத்தான் சுத்துது சார்."

"அப்ப வீடு இருக்கு, வாசக்கதவுதான் இறுகிப்போச்சு. கரண்ட் பாதியில போனதுல, தன்னை எழுப்புற பகுதியை அது இழந்திருச்சு. மத்தது உள்ள அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு." மேசையைத் திறந்து மெல்லிய கறுப்புப் பிளாப்பித் தட்டு ஒன்றை எடுத்தார். "இதுல எழுப்புற சமாச்சாரம் இருக்கு. இதைப் போட்டா இது வழியா எந்திரிக்கும். எந்திரிச்சதும் உள்ள இருக்குறதை வேற பிளாப்பிக்கு எடுத்துக்கிடலாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். ஏன், உங்க ஆபீஸ்ல என்ன செஞ்சாங்க?"

"பூட்டு வாங்குனோம் சார்."

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகம் அரை நாள். அலுவலர் பழனிக்கு 'முகாம்' போயிருந்தார். நினைவில் இருந்தவர்கள் சேர்ந்து மலையில் அவருக்கு ஓர் அபிஷேகம் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் சாவியும் கூடவே மலையேறிவிட்டது. மீதி இருந்தது பதிவறைச் சாவி. அது கருப்பணனிடம்.

"அண்ணே, சாவி வேணும்."

"அய்யா இல்லாம தொறக்கக் கூடாதும்மா. விதி."

"அண்ணே, உங்க தோழரு ஒரு வாரமா உள்ள கெடக்காரு. பாக்க ஒருத்தரும் போகல."

கருப்பணன் தலையைச் சொறிந்தார். தப்பு என்று பட்டால் அதைப் பத்துப் பேர் முன்னால் கோஷமாகப் போடுவார், தனியாகச் செய்யக் கூசுவார். அப்படிப்பட்ட மனிதர். வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "அந்த நெனவுப் பட்டியல்ல எங்க சித்தி மகன் பேரும் இல்ல, தெரியுமா?" என்றார். "ஒம்பது வருசமாக் காத்திருக்கான். வா, வாரேன். ரெண்டு பேராப் போவோம், அப்பத்தான் அது போராட்டம்."

ராயப்பராஜும் வந்து சேர்ந்தார். எட்டு லீவரும் கடகடவென்று விலகின. உள்ளே கணிப்பொறியின் மேல் செம்பருத்தி காய்ந்து கிடந்தது. ராயப்பராஜ் பிளாப்பியைச் செருகி, சுவிட்சைப் போட்டார். பிளாப்பி கரகரத்தது. பிறகு ஒரு 'பீப்'. திரையில் ஓர் எழுத்து மினுக்கிக்கொண்டு நின்றது.

"எந்திரிச்சிருச்சு" என்றாள் நாகஜோதி.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. போன வாரம் வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற வரிசை வேலை உருப்படாமல் போயிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வாரம் அவள் சேமித்து வைத்த முழுப் பட்டியல் பெயர் மாறாமல் இருந்தது. புதுப் பிளாப்பியை மாற்றி, 'இதை அதில் எடு' என்று கட்டளை கொடுத்தாள். கணிப்பொறி பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மறுபடி ஆங்கிலம்: படிக்க முடியவில்லை, 'அபார்ட், ரீட்ரை, இக்னோர்?'

"என்னாங்குது?" என்றார் கருப்பணன்.

"ஒரு இடத்துல தடுக்குது. என்ன செய்யன்னு கேக்குது. கைவிட்டுரவா, மறுபடி முயற்சி செய்யவா, கண்டுக்காமப் போயிரவா?"

கருப்பணன் திகைத்துப் போனார். "யாத்தே! இருபது வருச சர்வீஸ்ல மொதலும் மூணாவதும்தான் நான் பாத்திருக்கேன். அந்த நடுவுல உள்ளது ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது. அதை அமுக்கு தாயி!"

அவள் அமுக்கினாள். தடுக்கியது. மறுபடி அமுக்கினாள். தடுக்கியது. ராயப்பராஜ், "விடாதீங்க சிஸ்டர், சில நேரம் அஞ்சாறு தடவைக்கு இறங்கும்" என்றார். ஏழாவது தடவையும் தடுக்கியது. அந்தத் தடையில் யார் பெயர் இருக்கிறதோ என்று நாகஜோதி மனதுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். கைவிட்டால் எல்லாம் போகும். கண்டுகொள்ளாமல் போனால் அந்தத் துண்டில் இருக்கிற நாலைந்து பேர் போவார்கள். நாலைந்து பேர்தானே என்று நினைப்பதற்கு அவள் இன்னும் பதவி உயர்வு பெற்றிருக்கவில்லை. எட்டு. ஒன்பது. பதினோராவது தடவை கணிப்பொறி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் உறுமி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பிறகு மூன்று படிக்குக் கார்பன் தாள் வைத்து அச்சுப் பொறியை ஓட்டினார்கள். கிறீச் கிறீச்சென்று ஒரு மணி நேரம் காகிதம் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. காகிதமில்லா அலுவலகத்தில் முழங்கால் அளவுக்குக் காகிதம். பதினேழாவது வரி: ராமுத்தாய், செம்பட்டி. இருபத்தொன்பதாவது வரியில் கருப்பணனின் சித்தி மகன். கருப்பணன் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்ய?" என்றாள் நாகஜோதி. "அய்யாகிட்டக் குடுத்தா..."

"குடுத்தா அவரு அதையும் பூட்டிருவாரு." கருப்பணன் சங்கச் சுவரொட்டி ஒட்டுகிற பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்களுக்கு ஒட்டுறதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

மதியம் ஒரு மணிக்குள் கிட்டங்கியின் வெளிச்சுவர் முழுவதும் பட்டியல் ஏறிவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பெயர், ஒன்று குறையாமல். ஒரு படியை ராயப்பராஜ் கையோடு கொண்டுபோனார். ஒரு படியை நாகஜோதி பதிவுத் தபாலில் சென்னைக்கே அனுப்பிவிட்டாள். இதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் பெறப்படவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறோம்.

திங்கட்கிழமை காலை திரு. அழகுராஜா நெற்றியில் திருநீறும் கையில் பஞ்சாமிர்தமுமாக வந்து இறங்கியபோது, சுவரின் முன்னால் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே வந்த நல்லுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தேடினார். முதல் தாளில் தொடங்கி சுவரோடு சுவராக நடந்து, மூலை திரும்பி, பின்பக்கக் கழிவறை ஓரத்தில் தம் பெயரைக் கண்டார்.

"ஏனுங்க மச்சான், என்ற பேரு இங்கெதுக்குங்க வந்துது?"

அலுவலர் கூட்டத்தை அளந்துகொண்டிருந்தார். பெரிய மனிதர்களை அடையாளம் காட்டுவது இப்படிப்பட்ட கணங்கள்தான். மூன்றே நொடியில் படியேறி நின்று கையை உயர்த்தினார்.

"விவசாயப் பெருமக்களே! ஒரு வார காலம் ஊண் உறக்கம் இன்றி நான் மேற்கொண்ட மீட்புப் பணி வெற்றி பெற்றுவிட்டது!"

கைதட்டல் எழுந்தது. அவர் தட்டுகிற கைகளைக் கண்ணீர் மல்கப் பார்த்தார். நாகஜோதி உள்ளே தன் மேசையில் உட்கார்ந்து, இன்னும் கையெழுத்தாகாத நினைவுப் பட்டியலின் படிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாற்பது பெயர் சென்னைக்குப் போயின. மாதக் கடைசியில் கம்பம் நட்டு, கம்பி இழுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ராமுத்தாய் வந்தபோது அவள் சேலை முழங்கால் வரை நனைந்து, சேறு அப்பியிருந்தது.

"பீச்சி அடிச்சிருச்சு தாயி! நான் எதுக்க நின்னேன். ஆளையே தள்ளிருச்சு. அம்புட்டு வேகம்! விழுந்து எந்திரிச்சுப் பாத்தா, கனகாம்பரம் அம்புட்டும் முங்கிக் கெடக்கு. நிறுத்தத் தெரியல எனக்கு. பதினோரு வருசமா வரவைக்கத்தான் யோசிச்சேனே ஒழிய, நிறுத்துறதைப் பத்தி யாரு யோசிச்சா?" அவள் சிரித்த சிரிப்பில் கிட்டங்கி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று முழம் போடாமல் ஒரு பந்துப் பூவையே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சுதந்திர தின விழாவில் 'கணிப்பொறித் தரவுகளைத் துணிவுடன் மீட்டமைக்காக' திரு. அழகுராஜாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அடுத்த நாள் நாகஜோதிக்கும் ஒரு தாள் வந்தது. குறிப்பாணை. 'பழுதான நிலையில் இருந்த அரசுக் கணிப்பொறியை உரிய அனுமதியின்றி வேலை செய்ய வைத்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

அவள் ஒரே வரியில் விளக்கம் எழுதினாள்: 'வேலை செய்ய வைக்கக் கூடாது என்று எனக்கு எழுத்துமூலம் அறிவிக்கப்படவில்லை.' அதில் ஒற்றுப் பிழை எதுவும் இல்லாததால், மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாமல் போயிற்று.

அதன் பிறகு திரு. அழகுராஜா கணிப்பொறியை நம்பவில்லை. இரண்டு மாதம் அதைக் கூர்ந்து கவனித்தார். மூன்று முறை பெயர்களை முன்பின் மாற்றச் சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் அது தேதியைக் கேட்டது. இறுதியில், இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பழையபடி பதிவேடுகளையே தந்துதவுமாறு மேலிடத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். வழக்கம்போல நாகஜோதியைக் கூப்பிட்டு டைப் அடிக்கச் சொன்னார்.

'திரை: நன்று. விசைப்பலகை: நன்று. அச்சுப் பொறி: நன்று. பழுதின் தன்மை: உள்ளே இட்டதையே மாற்றமின்றி வெளியே தருகிறது. உயர் அலுவலர் நேரில் கூறியும் திருந்தவில்லை. இவ்வலுவலகப் பணிக்கு முற்றிலும் ஒவ்வாதது.'

நாகஜோதி அடித்து முடித்து, ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்து, கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வரி வரியாகத் தேடிவிட்டு, திருப்தியோடு மூடி வைத்துக் கையெழுத்திட்டார். இருபத்தாறு வருட அரசுப் பணியில் திரு. அழகுராஜா கையெழுத்திட்ட அறிக்கைகளிலேயே ஒரு பொய்கூட இல்லாதது அது ஒன்றுதான்.